பழைய காருக்கும் ஆண்டுச் சோதனை வேண்டும்

வருமுன் காப்பதே அறிவு என்று தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே நமக்குச் சொல்லித் தந்தார்கள். கட்டுரைப் போட்டிகளில் நாமும் அதையே எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறோம். ஆனால், நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார் என்று வரும்போது மட்டும் அந்த அறிவு எங்கோ ஓடி ஒளிந்து கொள்கிறது. "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். ஓடுகிற வண்டி நிற்குமா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நான் தானா ராத்தாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் கார் என்னைவிட வயதில் மூத்தது. அப்பா அதை மூன்றாவது கையாக வாங்கினார். நான் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளி விடுமுறையில் தாப்பாவில் நடந்த ஓர் உறவினர் திருமணத்திற்காக ஐந்து பேர் அதில் ஏறிப் புறப்பட்டோம். ரிங்லெட்டைத் தாண்டி நெடுந்தூரம் இறங்கிய பிறகு ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போயிற்று; கார் நிற்கவில்லை. அப்பா மீண்டும் மீண்டும் மிதித்தார், கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார். கடைசியில் சாலையோரக் கால்வாயில் இரண்டு சக்கரங்களை இறக்கி வண்டியை நிறுத்தினார். அம்மாவின் நெற்றியில் சிறு காயம். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதிரே அந்த நேரத்தில் லோரி எதுவும் வராதது எங்கள் நல்ல காலம்.

வண்டியை இழுத்துச் சென்று பார்த்த பட்டறைக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணே, பிரேக் எண்ணெய் கறுப்புக் காப்பி மாதிரி இருக்கு. கடைசியா எப்ப மாத்துனீங்க?" அப்பாவிடம் பதில் இல்லை. அந்தக் காருக்குச் சாலை வரி இருந்தது, காப்புறுதி இருந்தது. அப்பாவிடம் முறையான ஓட்டுநர் உரிமமும் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு எங்கள் கார் குறையில்லாத கார். அன்று தொடங்கிய கேள்விதான் இக்கட்டுரை.

இதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தாப்பாவோ மலையடிவாரத்தில் இருக்கிறது. இடையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் ஒரு காரைப் பிரேக்கினால் மட்டுமே கட்டுப்படுத்தினால் அத்தனை ஆற்றலும் வெப்பமாக மாறிப் பிரேக்கில் சேரும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. எத்தனை ஆண்டு மாற்றாமல் விடுகிறோமோ அத்தனை ஈரம் அதில் சேரும். ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். எண்ணெயை அழுத்தினால் அது பிரேக்கைப் பிடிக்கும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். அதனால்தான் மிதி தரைவரை போகிறது. சமவெளியில் பல ஆண்டுகள் வெளியே தெரியாத இந்தக் குறை, மலைச்சாலையில் ஒரே நாளில் தெரிந்துவிடும். எங்கள் ஊரின் மூடுபனிக்கும் மழைக்கும் தேய்ந்த டயரும் மங்கிய விளக்கும் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் லோரி, பேருந்து போன்ற வாணிப வாகனங்கள் பொதுவாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குப் போயாக வேண்டும். பள்ளிப் பேருந்துக்கும் சோதனை உண்டு. கிராப் போன்ற இ-ஹெய்லிங் சேவையில் ஓடும் கார் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். ஆனால், சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர் மாற்றும்போதும் வேறு சில தேவைகளின்போதும் புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்திற்குக் கொண்டு போகிறோம். பெயர் மாறாத காரை இருபது ஆண்டானாலும் முப்பது ஆண்டானாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. காப்புறுதியைப் புதுப்பித்துப் பணம் கட்டினால் சாலை வரி வந்துவிடும். 2023 முதல் கண்ணாடியில் ஒட்டும் வில்லைகூடக் கட்டாயமில்லை. கைத்தொலைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரை ஏற்றிச் செல்லும் காருக்கு ஆண்டுச் சோதனை உண்டு. அதே வயதுக் காரில் சொந்தப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனால் சோதனை இல்லை. சாலையும் ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். கட்டணம் கொடுத்தவர் உயிருக்கு ஒரு மதிப்பும் கொடுக்காதவர் உயிருக்கு வேறொரு மதிப்புமா?

இந்த நாட்டில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைப்பதற்கும் முன்பு, 2009 அக்டோபர் இறுதியில், அரசாங்கம் தேசிய வாகனக் கொள்கையின் மறு ஆய்வை வெளியிட்டது. 15 ஆண்டைக் கடந்த கார்கள் ஒவ்வோர் ஆண்டும் சோதனையில் தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும் என்று அதில் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதற்குப் பின் அரசாங்கங்கள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். பழைய சொந்தக் கார்களுக்குக் கட்டாய ஆண்டுச் சோதனை மட்டும் இன்றுவரை வரவில்லை.

அன்று எதிர்த்தவர்கள் எல்லாரும் அறியாமையால் எதிர்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே 2009ஆம் ஆண்டில்தான், பத்து வயதைக் கடந்த காரைக் கொடுத்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா கார் வாங்குபவர்களுக்கு 5,000 ரிங்கிட் கழிவு தரும் திட்டமும் நடைமுறையில் இருந்தது. சோதனை பற்றிய அறிவிப்பும் வாகனத் தொழிலை வளர்க்கும் கொள்கையின் ஒரு பகுதியாகவே வந்தது. அப்படியிருக்க, "நம் உயிரைக் காக்கவா சோதனை, புதுக் காரை விற்கவா சோதனை?" என்று மக்கள் ஐயப்பட்டதில் என்ன தவறு? பாதுகாப்பு என்ற நல்ல விதையைத் தவறான பாத்தியில் விதைத்தார்கள், அது முளைக்கவில்லை.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அப்பாவிடம் கருத்துக் கேட்டேன். கால்வாயில் இறங்கி உயிர் பிழைத்த அவரே உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ, "ஏம்மா, சோதனைன்னு சொல்லி வண்டிய ஓட்டக்கூடாதுன்னுட்டா, மறுநாள் நான் எப்படி வேலைக்குப் போறது? உங்க பாட்டிய எதுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "வேணாம்னு சொல்லல. பார்க்கட்டும். ஆனா, புடுங்கிக்கிட்டுப் போற மாதிரி பார்க்கக்கூடாது" என்றார்.

அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்தில் கொள்கையே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்து வீடுகளிலிருந்து பட்டணத்திற்கு வர, நினைத்த நேரத்தில் பேருந்து கிடையாது. பழைய கார்தான் அங்கு வேலை, மருத்துவமனை, பள்ளி, மார்க்கெட் எல்லாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு நான்கு டயரை ஒரே நேரத்தில் மாற்றுவது சிறு செலவன்று. 1,000 சிசிக்கு உட்பட்ட கஞ்சில் போன்ற சிறு காருக்குத் தீபகற்பத்தில் ஓராண்டுச் சாலை வரியே 20 ரிங்கிட்தான். சோதனைக் கட்டணம் சாலை வரியைவிட அதிகமாக இருந்தால் ஏழைக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும். காய்கறித் தோட்டக்காரர்களின் நிலையும் இதுவே. கேமரன் மலையில் பல பத்தாண்டுகளைக் கடந்த லேண்ட் ரோவர்கள் இன்னும் மண்சாலைகளில் மூட்டை சுமக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு அவை படம் பிடிக்கும் காட்சி. உரிமையாளருக்கோ அவை சோறு போடும் வண்டி.

ஆனால், ஏழையிடம் பழைய கார் இருக்கிறது என்பதற்காகச் சோதனையே வேண்டாம் என்றால், ஏழை பிரேக் இல்லாமல் சாகலாம் என்று சொல்வது போலாகும். அது இரக்கமன்று, அலட்சியம். நம் மக்களின் உயிர் மலிவானது என்று நாமே ஒப்புக்கொள்ளக் கூடாது. மேலும், பிரேக் பிடிக்காத கார் அதன் உரிமையாளரை மட்டும் தேடிப்பிடித்து மோதுவதில்லை. எதிரே மோட்டாரில் வருபவர், சாலையோரம் நடந்து போகும் பள்ளிப்பிள்ளை, அங்காடிக் கடை போட்டிருக்கும் பூர்வகுடி அம்மா என்று எல்லாருடைய உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? பிரிட்டனில் 1960இல் இந்தச் சோதனையைத் தொடங்கியபோது, பத்து வயதைக் கடந்த வாகனங்களுக்கு மட்டுமே அது கட்டாயமாயிற்று. பிரேக், விளக்கு, ஸ்டீரிங் ஆகியவற்றை மட்டும் பார்த்தார்கள். பிறகு படிப்படியாக வயதைக் குறைத்து, 1967இல் மூன்று ஆண்டு என்ற நிலைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கு அனுமதி பெற்ற சாதாரணப் பட்டறைகளே இச்சோதனையைச் செய்கின்றன. பக்கத்துச் சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து வயதுவரையுள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனை. ஜப்பானில் புதுக் காருக்கு முதலில் மூன்று ஆண்டிலும் பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும். தமிழ்நாட்டில் சொந்தக் கார் 15 ஆண்டைத் தாண்டினால், தகுதிச் சோதனையில் தேறித்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது தொடரும். இந்நாடுகளில் ஏழைகளே இல்லையா? இருக்கிறார்கள். ஆயினும், வண்டிக்கு வயதாகும்போது அதைப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

"ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிக்கப்படும் லோரிகளே விபத்தில் சிக்குகின்றனவே, பிறகு சோதனையால் என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதி ஒன்பது போலீசார் மாண்டனர். அந்த லோரியின் ஸ்டீரிங் பகுதியில் ஏற்பட்ட கோளாறையும் அளவுக்கு மீறிய சுமையையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அதற்கடுத்த மாதமே கெரிக் அருகே பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். அந்தச் செய்தி வந்த காலையில் நம் விடுதிகளில் நிலவிய அமைதியை யாரால் மறக்க முடியும்? எங்கள் மலைக்கே வருவோம். 2010 டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் செல்லும் சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 28 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொள்வது வேறு. சோதனை என்பது ஒரு நாள் வேலை. மீதமுள்ள நாள்களில் வண்டியைப் பேண வேண்டியவர் உரிமையாளரே. சுமையை மீறினாலோ, வேகத்தை மீறினாலோ, சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிவிட்டு மறுநாள் கழற்றினாலோ எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது. சோதிப்பவர் கை நீட்டிக் காசு வாங்கினால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்தான். தேர்வில் சிலர் பார்த்து எழுதுகிறார்கள் என்பதற்காகத் தேர்வையே ஒழித்துவிடுகிறோமா? கண்காணிப்பைத்தானே கடுமையாக்குகிறோம்!

ஆகவே, 2009இல் கைவிட்டதை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். ஆனால், வேறு முறையில் எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அது எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, உயிரோடு தொடர்புடையவற்றை மட்டும் பார்க்க வேண்டும். பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்கு, இருக்கைவார், அடித்தளத்துத் துரு ஆகியவை போதும். சாயம் மங்கியதையும் கதவு நசுங்கியதையும் வைத்து ஒரு காரைத் தோல்வியடையச் செய்யக்கூடாது. வயதான கார் எல்லாமே கெட்ட கார் அன்று. நன்கு பேணப்பட்ட முப்பது வயதுக் கார், கவனிப்பாரற்ற எட்டு வயதுக் காரைவிட மேலானது. வயது சோதனைக்கு அழைக்கும் காரணமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்க வேண்டாம்.

இரண்டாவது, குறைகளைத் தரம் பிரிக்க வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் சாலையில் விடக்கூடாது. அதில் சமரசம் இல்லை. சிறு குறைகளுக்கோ இரண்டு மாதத் தவணை கொடுத்து, மறுசோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும். அப்பா பயப்படும் "புடுங்கிக்கிட்டுப் போற" நிலைமை அப்போது வராது.

மூன்றாவது, சோதனை மக்களைத் தேடி வர வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் நிலை இருந்தால் யாரும் விரும்பி வரமாட்டார்கள். மேலும், பிரேக் சந்தேகமாக உள்ள காரைச் சோதிப்பதற்காகவே மலையிலிருந்து இறக்கச் சொல்வது வேடிக்கையன்றோ? நடமாடும் சோதனை வண்டிகள் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் போன்ற இடங்களுக்கு விடுமுறை நாள்களில் வரலாம். 1994 முதல் புஸ்பாகோம் வசமிருந்த தனியுரிமை 2024இல் முடிவுக்கு வந்து, பிற நிறுவனங்களுக்கும் வாய்ப்பு திறக்கப்பட்டது. புதிதாக வருபவர்கள் பட்டணங்களை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், மலைப்பகுதிக்கும் தோட்டப்புறத்திற்கும் சேவை வழங்க வேண்டும் என்பதை அரசாங்கம் நிபந்தனையாக்கலாம்.

நான்காவது, கட்டணம் எளியோரால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே செய்யலாம். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 20 வயதைக் கடந்த காரைக் கழித்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால், 4,000 ரிங்கிட் கிடைத்தாலும் மாதத் தவணை கட்ட முடியாத குடும்பங்களுக்கு அதனால் என்ன பயன்? அவர்களுக்குப் புதுக் கார் வேண்டாம். இருக்கிற காருக்கு நல்ல பிரேக்கும் டயரும் வாங்க ஒரு சிறு உதவி போதும். அந்த உதவியைச் சோதனையோடு இணைத்தால், 2009இல் எழுந்த ஐயம் மீண்டும் எழாது.

சட்டம் வரும்வரை நாம் என்ன செய்வது? நம் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் கார்களைப் பாருங்கள். பலவும் அண்ணன் ஓட்டி, அக்காள் ஓட்டி, நம் கைக்கு வந்தவை. நான்கு பேராகப் பணம் சேர்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு தீபாவளிக்கு ஊர் திரும்புகிறோம். அந்தப் பயணத்திற்கு முன் பத்து நிமிடம் செலவழிப்போம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். டயரின் பள்ளத்திலுள்ள தேய்மானக் குறியைப் பாருங்கள். மேற்பரப்பு அந்தக் குறியளவுக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று வீட்டில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மலையிறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள்; பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கார் இன்னும் இருக்கிறது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன்பு அப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டு போய்ப் பிரேக்கைப் பார்த்துவிடுகிறார். காலண்டரில் தேதியையும் குறித்து வைக்கிறார். சட்டம் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு கால்வாய் சொல்லித் தந்தது. ஆனால், எல்லாருக்கும் சரியான இடத்தில் கால்வாய் கிடைக்காது நண்பர்களே. சிலருக்குப் பள்ளத்தாக்குதான் கிடைக்கும். அதற்கு முன்பே நம் கார்களை நிறுத்திப் பார்க்கும் சட்டம் ஒன்று நமக்கு வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள், பழைய கார்களில் பயணம் செய்யும் நாம்தான். கேட்போம்.